கூடுதல் வொரன்டி எடுக்கலாமா? ஃபிரிட்ஜ் திருத்துகிறவன் சொல்லும் கணக்கு

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் டவுனில் ஃபிரிட்ஜ் வாங்கப் போனால், விலை பேசி, கலர் பார்த்து, எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தக் கேள்வி வரும். பில் போடுகிற பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்கும்: "அக்கா, இன்னும் மூன்று வருஷத்துக்கு வொரன்டி கூட்டிப் போடட்டுமா? மாசத்துக்கு ஆயிரத்து நூறு ரூபாதான் கூட வரும்." வாசலில் லொறிக்காரர் ஹோர்ன் அடிப்பார். டயகம பஸ்ஸுக்கு நேரமாகும். "சரி, போடுங்க" என்று வாயில் வந்துவிடும்.

அந்த "சரி"க்கு முன்னால் எதை எல்லாம் பார்க்க வேண்டும் என்பதை எழுதுகிறேன். நான் 22 வருஷமாகத் தலவாக்கலையில் இருந்துகொண்டு லிந்துலை, அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட் பக்கமெல்லாம் போய் ஃபிரிட்ஜும் வோஷிங் மெஷினும் திருத்துகிறேன். முதல் ஆறு வருஷம் ஒரு கம்பனியின் சர்விஸ் பிரிவில் வொரன்டி வேலை செய்தேன். வொரன்டி இருக்கிறது என்று நம்பிக் காத்திருக்கிற வீட்டுக்காரரின் முகத்தையும் பார்த்திருக்கிறேன்; "இது வொரன்டியில் வராது" என்று ஜொப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதும் நான்தான். போன மாதம் என் தங்கச்சி ஃபிரிட்ஜ் வாங்கக் கிளம்பியபோது அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது

ஃபிரிட்ஜ் கதவில் பெரிதாக "10 வருஷ வொரன்டி" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்தப் பத்து வருஷம், கேஸை அமுக்கி ஓட்டிக் குளிர வைக்கிற கம்ப்ரஸர் என்கிற ஒரே ஒரு உறுப்புக்கு. முழு மெஷினுக்கும் உள்ள வொரன்டி பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ வருஷம்தான். ஐந்தாம் வருஷம் கம்ப்ரஸர் போனால் புதிய கம்ப்ரஸரைச் சும்மா கொடுப்பார்கள். பழையதைக் கழற்றி, புதியதைப் பற்ற வைத்து, வெக்யூம் எடுத்து, கேஸ் அடிக்கிற கூலியும், அந்தக் கேஸும், ஏற்றி இறக்குகிற லொறிச் செலவும் பல இடங்களில் உங்கள் கணக்கில்தான் வரும்.

கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கிற இன்வேர்ட்டர் ஃபிரிட்ஜ் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் கம்ப்ரஸரை ஓட்டுவது பின்பக்கத் தகட்டுக்குள் இருக்கிற ஒரு எலக்ட்ரோனிக் போர்ட். எங்கள் பக்கத்தில் கம்ப்ரஸரைவிட அதிகமாகப் போவது அந்தப் போர்ட்தான். பத்து வருஷ ஸ்டிக்கர் அதைத் தொடுவதில்லை. ஆகவே கடையில் இப்படிக் கேளுங்கள்: "முழு மெஷினுக்கும் எத்தனை வருஷம்? போர்டுக்கு எத்தனை வருஷம்? கம்ப்ரஸர் மாற்றினால் கூலி யார் கட்டுவது?"

அடுத்தது, கூடுதல் வொரன்டி எந்தத் திகதியில் ஆரம்பிக்கிறது என்று கேளுங்கள். "ஐந்து வருஷ வொரன்டி" என்று விற்பதில் முதல் இரண்டு வருஷம் கம்பனி ஏற்கெனவே தந்தது. நீங்கள் காசு கட்டுவது மிச்சம் மூன்று வருஷத்துக்கு மட்டும். சில இடங்களில் மூன்று வருஷத் திட்டத்தையே வாங்கிய நாளிலிருந்து எண்ணுவார்கள். அப்படியானால் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வருஷம். இதைத் தாளில் பார்க்காமல் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

மெஷின் எப்போது போகும் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தயாரிப்பில் குறை இருந்தால் அது பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். கம்பனி வொரன்டி அதைப் பார்த்துக்கொள்ளும். தேய்ந்து போவது ஏழு, எட்டு வருஷத்துக்குப் பிறகு. அப்போது கம்ப்ரஸருக்கு உள்ளதைத் தவிர வேறு வொரன்டி இருக்காது. கூடுதல் வொரன்டி விற்கிற மூன்றாம், நான்காம், ஐந்தாம் வருஷங்கள் ஒரு மெஷினின் வாழ்க்கையில் அமைதியான காலம். அந்தக் காலத்தில் போகிறதென்றால் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றால்தான் போகும். இங்கேதான் மலைநாட்டுக் கதை ஆரம்பிக்கிறது.

மலைநாட்டில் மெஷினைக் கொல்வது எது

இரண்டு வருஷத்துக்கு முன் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து டிவிஷனுக்குப் போனேன். ரோட்டிலிருந்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, 140 படி. அந்த வீட்டு அக்கா கொழுந்து பறிக்கிறவர். மகள் கொழும்பில் வேலை செய்து தவணைக்கு எடுத்துக் கொடுத்த ஃபிரிட்ஜ். மூன்று வருஷம் நான்கு மாதம் ஆகியிருந்தது. கூடுதல் வொரன்டியும் இருந்தது. தாளை ஒரு பிஸ்கட் டின்னில், பொலித்தீன் பையில் சுற்றி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்திருந்தார்.

கடையிலிருந்து வந்தவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டு, வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் பின்தகட்டைக் கழற்றி டோர்ச் அடித்தேன். போர்டில் கரண்ட் நுழைகிற இடத்தில் ஐந்து ரூபாக் குற்றியைவிடச் சிறிய ஒரு நீல வட்டம் இருக்கும். அதற்கு வேரிஸ்டர் என்று பெயர். அளவுக்கு மிஞ்சி வோல்டேஜ் வந்தால் அது தன்னைப் பலி கொடுத்து மற்றதைக் காப்பாற்றப் பார்க்கும். இந்த வீட்டில் அது நடுவில் பிளந்து, கரி பிடித்து, பக்கத்து கெப்பாசிட்டரும் தலை வீங்கிப் போயிருந்தது. மின்னல் அடித்த இரவா, கரண்ட் கட் ஆகித் திரும்பி வந்த நேரமா என்று அந்த அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. வந்தவர் எழுதியது ஒரே வரி: "வோல்டேஜால் ஏற்பட்ட சேதம்." தாளின் பின்பக்கம் பார்த்தால் அதுதான் விலக்குகளில் முதலாவது.

அந்த அக்கா என்னிடம் கேட்டார், "தம்பி, அப்ப நான் எதுக்குக் காசு கட்டுனேன்?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று இரவு வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை.

ஆகவே எந்த வொரன்டித் தாளையும் கையில் எடுத்தால் முன்பக்கத்தைப் பிறகு படியுங்கள். எதற்கெல்லாம் வராது என்று எழுதியிருக்கிற பக்கத்தை முதலில் படியுங்கள். அங்கே வழக்கமாக இருப்பவை: மின்னல், வோல்டேஜ் ஏற்ற இறக்கம், வெள்ளம், எலி, பல்லி, பூச்சி, துரு, பிளாஸ்டிக் உறுப்புகள், கதவு ரப்பர், பல்ப், வெளி ஆள் திறந்து பார்த்தது, வியாபாரத்துக்குப் பாவித்தது. இப்போது நம் ஊரை நினைத்துப் பாருங்கள்.

நம் நாட்டில் வீட்டுக்கு வர வேண்டிய வோல்டேஜ் 230. ஆறு வீதம் கூடலாம், ஆறு வீதம் குறையலாம். அதாவது 216இலிருந்து 244 வரை சரி. லயத்தின் கடைசி வீட்டில், மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் கேத்தலும் ரைஸ் குக்கரும் போட்டிருக்கும்போது நான் மீட்டர் வைத்துப் பார்த்ததில் 178 காட்டிய நாளும் உண்டு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் வரும். மலையில் அது தலைக்கு மேலேயே நிற்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் ஆன காலத்தில், கட் ஆவதால் போனதைவிடத் திரும்பி வரும்போது போன போர்டுகள்தான் அதிகம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க கரண்ட் போனதே, அதற்கு அடுத்த இரண்டு நாளும் என் போன் ஓயவில்லை.

எலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழைக் குளிருக்கு எலி தேடுவது சூடான இடம். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் பக்கமும் வோஷிங் மெஷினின் அடிப்பக்கமும் அதற்கு நல்ல வீடு. மெஷினின் அடியில் மூடி இல்லாவிட்டால் வயரைக் கடித்துவிடும். போர்டுக்குள் பல்லி புகுந்து, போர்டில் உள்ள இரண்டு கம்பிக் கால்களை உடம்பால் சேர்த்துக்கொண்டு கருகிக் கிடந்ததை எத்தனையோ தடவை எடுத்துப் போட்டிருக்கிறேன். இவை ஒன்றும் வொரன்டியில் வராது.

ஈரம் இன்னொன்று. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் வெயிலைக் காண்பதே அபூர்வம். வோஷிங் மெஷினை வீட்டுக்குள் வைக்க இடமில்லாமல் பின் வராந்தாவில், கூரைத் தகட்டின் கீழ் வைப்போம். சாரல் அடித்து அடித்து ஐந்து வருஷத்தில் அடித்தகடு துருப்பிடித்துத் தூளாகும். துருவும் விலக்கு.

நுவரெலியா ஆட்களுக்குத் தனியாக ஒன்று. "ஜனவரியில் ஃப்ரீசர் வேலை செய்யவில்லை, ஐஸ் உருகுகிறது, ஃபிரிட்ஜ் பகுதி மட்டும் ஜில்லென்று இருக்கிறது" என்று கூப்பிடுவார்கள். பல வீடுகளில் மெஷினில் எந்தப் பிழையும் இருக்காது. ஃபிரிட்ஜின் உள்ளே ஸ்டிக்கரில் காலநிலை வகுப்பு என்று எழுத்து போட்டிருக்கும். டி (T) என்றால் 16இலிருந்து 43 பாகை வரை உள்ள அறைக்குச் செய்தது, எஸ்டி (ST) என்றால் 16இலிருந்து 38 வரை, எஸ்என் (SN) என்றால் 10இலிருந்து 32 வரை. சூட்டு நாட்டுக்குச் செய்த ஃபிரிட்ஜை, இரவில் எட்டு பாகைக்குப் போகிற சமையலறையில் வைத்தால், உள்ளே இருக்கிற தெர்மோஸ்டாட் "போதுமான குளிர் இருக்கிறது" என்று நினைத்துக் கம்ப்ரஸரை ஓட விடாது. ஃப்ரீசர் உருகிவிடும். இதைக் காட்டி வொரன்டியில் ஆளைக் கூப்பிட்டால், "பிழை இல்லை" என்று எழுதிவிட்டு வந்து போன செலவைக் கேட்கிற இடமும் உண்டு. நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவளை ஆட்கள் வாங்கும்போதே அந்த எழுத்தைப் பாருங்கள். இது எந்த வொரன்டியையும்விடப் பிரயோசனமானது.

சரி, காசைக் கணக்குப் போடுவோம்

ஃபிரிட்ஜ் 165,000 ரூபா, கூடுதல் மூன்று வருஷம் 21,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணைக்கு எடுத்தால் அந்த 21,000க்கும் வட்டி ஓடும். மாசம் 1,100 என்று 24 மாதம் கட்டினால் 26,400. "ஆயிரத்து நூறுதானே" என்று கேட்கும்போது சின்னதாகத் தெரிவது இதனால்தான். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,000 ரூபாவிலிருந்து 1,350 ஆனது. அந்த 1,350 கணக்கில் பார்த்தாலும் 26,400 என்பது கிட்டத்தட்ட 20 நாள் பேர், அதாவது 20 நாள் சம்பளம். மழையில், அட்டைக் கடியில், சாக்கைக் கட்டிக்கொண்டு நின்ற 20 நாள். எங்கள் அம்மா அப்படி நின்ற காசில்தான் நான் தொழில் படித்தேன். அதனால் இந்தக் கணக்கை நான் ரூபாவில் மட்டும் போடுவதில்லை.

அந்தக் காசுக்கு எதிரே என்ன வைக்கலாம்? உள்ளே ஐஸ் கட்டாத நோ ஃப்ரொஸ்ட் ஃபிரிட்ஜில் மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் நான் அதிகம் பார்ப்பது ஐஸை உருக்குகிற டிஃப்ரொஸ்ட் ஹீட்டர், அதன் ஃபியூஸ், சென்சர், ஃபேன் மோட்டர், தண்ணீர் போகிற குழாய் அடைப்பு. இவை எல்லாம் 26,400க்குக் கீழே முடிகிற வேலை. பல வேலைகள் அதில் கால்வாசிக்குள் முடியும். அதைத் தாண்டுவது இரண்டுதான்: போர்டும், உள்குழாயில் கேஸ் லீக்கும். கம்ப்ரஸர் ஏற்கெனவே கம்பனி வொரன்டியில் இருக்கிறது. ஆக நீங்கள் கட்டுகிற காசு, குறிப்பிட்ட மூன்று வருஷத்துக்குள் போர்டோ கேஸோ போக வேண்டும், வந்து பார்ப்பவர் அதை வோல்டேஜ் என்று எழுதாமலும் இருக்க வேண்டும் என்பதற்கான காசு.

இங்கே ஒரே ஒரு கேள்வியை உங்களிடமே கேளுங்கள். இந்த மெஷின் நாளைக்கே நின்றால், வட்டிக்கு வாங்காமல், நகையை அடகு வைக்காமல் திருத்த முடியுமா? முடியும் என்றால் கூடுதல் வொரன்டி வேண்டாம். முடியாது என்றால், அடுத்துச் சொல்கிறவற்றையும் பார்த்து முடிவெடுங்கள். "முடியாது" என்ற பதில் மட்டுமே வொரன்டி வாங்கக் காரணம் ஆகிவிடாது.

எதற்கு எடுக்கலாம், எதற்கு வேண்டாம்

பெரிய டிவிக்கு எடுப்பதை நான் தடுக்க மாட்டேன். டிவியில் விலையே பேனல்தான். பேனலில் கோடு விழுந்தால், பாதி இருண்டால், அதைத் திருத்த வழியில்லை. மாற்றினால் புது டிவியின் விலையை நெருங்கும். கொட்டகலையில் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் 55 அங்குல டிவிக்குக் கூடுதல் வொரன்டி எடுத்தார். நான்காம் வருஷம் நடுவில் பச்சைக் கோடு விழுந்தது. டிவியை முதல் நாளிலிருந்தே வோல்டேஜ் கார்டில் (வோல்டேஜ் எல்லை தாண்டினால் கரண்டை அறுத்துவிடுகிற கருவி) போட்டிருந்தார், பில் இருந்தது, கடை டவுனிலேயே இருந்தது. மூன்று கிழமையில் பேனல் மாற்றிக் கொடுத்தார்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் அவர் டிவியைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஆனால் பந்து பட்டு உடைந்தது, தண்ணீர் பட்டது எதுவும் இதில் வராது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் கதவு உள்ள வோஷிங் மெஷின், விலை கூடிய இரட்டைக் கதவு இன்வேர்ட்டர் ஃபிரிட்ஜ், இவற்றுக்கும் யோசிக்கலாம். போர்டும் மோட்டரும் விலை, வெளியில் உதிரிப்பாகம் எடுப்பதும் கஷ்டம்.

இரண்டு தொட்டி செமி ஓட்டோ வோஷிங் மெஷினுக்கு வேண்டவே வேண்டாம். பெல்ட், டைமர், கெப்பாசிட்டர், ட்ரெயின் வால்வ், ஸ்பின் பிரேக். பெரும்பாலும் அதில் போவது இவைதான். எல்லாம் டவுனில் கிடைக்கும், எல்லாம் ஒரு பின்னேர வேலை. பீலியிலிருந்து, அதாவது மலை ஊற்றிலிருந்து, தண்ணீர் லைன் போட்ட வீடுகளில் மணலும் இலையும் வந்து இன்லெட் வலையை அடைத்துக்கொண்டு "தண்ணீர் ஏறவில்லை" என்று கூப்பிடுவார்கள். பழைய டூத் பிரஷால் நீங்களே தேய்த்துவிடலாம். ரைஸ் குக்கர், பிளெண்டர், அயன், கேத்தலுக்குக் கூடுதல் வொரன்டி என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

எல்ல என்கிற சுற்றுலா ஊர்ப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும், வீட்டோடு சில்லறைக் கடை வைத்து ஐஸ் பக்கட் விற்கிறவர்களுக்கும் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வீட்டுப் பாவனைக்கு என்று வாங்கிய மெஷினில் விருந்தினரின் பெட்ஷீட் துவைத்தால் அது வியாபாரப் பாவனை. எங்கள் மாமா மகன் வீட்டில் இப்படித்தான் ஆனது. வந்தவர் கொடியில் காய்கிற பன்னிரண்டு வெள்ளை பெட்ஷீட்டைப் பார்த்தார், வாசலில் இருந்த ஹோம்ஸ்டே பெயர்ப் பலகையைப் பார்த்தார், எழுதிவிட்டுப் போய்விட்டார். உங்களுக்கு வேண்டியது வியாபாரப் பாவனைக்கும் செல்லும் என்று எழுத்தில் உள்ள வொரன்டி. அது கிடைக்காவிட்டால் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் மலை ஏறி வருவார்கள்

கொழும்பில் இருக்கிறவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். நாம் கேட்க வேண்டும். ஹட்டனில் ஷோரூம் இருப்பது வேறு, ஹட்டனில் திருத்துகிற ஆள் இருப்பது வேறு. பல கடைகளில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு கண்டிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து ஆள் கினிகத்தேனை ஏறி வருவதற்கு, இந்தப் பக்கத்து முறைப்பாடுகள் நாலைந்து சேர வேண்டும். அதுவரை ஃபிரிட்ஜில் இருந்த இறைச்சியும் மீனும் என்னாவது?

ஆகவே கேளுங்கள்: "எங்கள் தோட்டத்துக்கு வருவீர்களா? எத்தனை நாளில்? தூரத்துக்குக் காசு எடுப்பீர்களா? கண்டிக்கு ஏற்ற வேண்டும் என்றால் லொறிக் காசு யார் கொடுப்பது? ரோட்டிலிருந்து வீட்டுக்கு 140 படி இருக்கிறது, யார் தூக்குவது?" இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறினால், உங்கள் வீட்டுக்கு அந்த வொரன்டி வந்து சேராது என்று வைத்துக்கொள்ளலாம். ரோட்டோரத்தில், டவுனுக்குள் வீடு என்றால் இந்தப் பிரச்சினை பாதி இல்லை. டீச்சருக்கு வேலை செய்தது அதனால்தான்.

(ஃபிரிட்ஜைப் படுக்க வைத்து ஏற்றியிருந்தால், இறக்கிய உடனே ப்ளக்கைப் போட வேண்டாம். நிமிர்த்தி வைத்துப் பல மணித்தியாலம் விடுங்கள். கம்ப்ரஸர் எண்ணெய் குழாயிலிருந்து இறங்க வேண்டும்.)

தாளில் பார்க்க வேண்டியது

வொரன்டித் தாள் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். வெட்கப்படாமல் விற்பனையாளரிடம் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர் "ஓம், அதுவும் வரும்" என்று வாயால் சொல்வதை பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அது வராது என்று அர்த்தம்.

கேட்க வேண்டியவை: இந்த வொரன்டியைத் தருவது கம்பனியா, கடையா, வேறு ஒரு நிறுவனமா? கடை மூடினால் யாரிடம் போவது? மொத்தமாக எவ்வளவு ரூபா வரை திருத்தித் தருவார்கள்? திருத்த முடியாவிட்டால் புது மெஷின் தருவார்களா, அல்லது வருஷத்துக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழித்து மிச்சத்தைத் தருவார்களா? வருஷா வருஷம் காசு கட்டி சர்விஸ் செய்தால்தான் செல்லும் என்று நிபந்தனை உண்டா? இன்றைக்கே எடுக்க வேண்டுமா, கம்பனி வொரன்டி முடிவதற்குள் எடுக்கலாமா? சில இடங்களில் பிறகும் எடுக்கலாம். அப்படி என்றால் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் மெஷினைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

2022ஐ வைத்து ஒருவர் என்னிடம் வாதாடினார். அது நியாயமான வாதம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் ஆகும்போது 360 ரூபா ஆனது. உதிரிப்பாக விலை எல்லாம் கூடவே ஏறியது. முன்னரே வொரன்டி எடுத்திருந்தவருக்கு அந்த விலை ஏற்றம் வலிக்கவில்லை. உண்மைதான். ஆனால் அதே வருஷம் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் சாமான் வராமல், வொரன்டி இருந்தும் நாலு மாதம், ஐந்து மாதம் போர்டுக்காகக் காத்திருந்த வீடுகளுக்கும் நான் போயிருக்கிறேன். விலை ஏறுவதற்கு வொரன்டி பாதுகாப்பு. சாமான் கிடைக்காமல் போவதற்கு அது பாதுகாப்பு இல்லை.

பில்லைப் பற்றி: இப்போது கடைகளில் தருவது சூட்டில் அச்சடிக்கிற தாள். நம் ஈரத்தில் ஒன்றரை வருஷத்தில் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ கொப்பி எடுங்கள். போனிலும் படம் எடுத்து வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். மெஷினின் பின்பக்கம் இருக்கிற சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் சேர்த்து எடுங்கள். சுவரோடு ஒட்டி வைத்த பிறகு அதைப் பார்க்க நாலு பேர் வேண்டும். வொரன்டி இருக்கிற காலத்தில் என்னைப் போன்ற வெளி ஆளைக் கூப்பிட்டுத் திறக்க வேண்டாம், சீல் உடைந்தால் கதை முடிந்தது. என்னை யார் கூப்பிட்டாலும் முதலில் நான் கேட்பது இதைத்தான்.

வொரன்டி இருந்தும் கடை இழுத்தடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி அங்கே முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். மாதக் கணக்கில் தள்ளிப் போட வேண்டாம். போகும்போது பில்லும் ஜொப் ஷீட் கொப்பியும் கையில் இருக்க வேண்டும்.

எடுக்காவிட்டால் அந்தக் காசை என்ன செய்வது

என் தங்கச்சி கடைசியில் கூடுதல் வொரன்டி எடுக்கவில்லை. ஆனால் அந்தக் காசை வீட்டுச் செலவில் கரைய விட வேண்டாம் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

முதலில் ஒரு நல்ல வோல்டேஜ் கார்ட் வாங்கினாள். வோல்டேஜ் எல்லை தாண்டினால் அறுத்துவிட்டு, கரண்ட் திரும்பி வந்தால் மூன்று நிமிஷம் பொறுத்துக் கொடுக்கிற வகை. அந்த மூன்று நிமிஷம் கம்ப்ரஸருக்கும் நல்லது. வோல்டேஜ் எப்போதும் குறைந்தே இருக்கிற வீட்டில் கார்ட் அடிக்கடி அறுத்துக்கொண்டே இருக்கும். அங்கே ஸ்டெபிலைசர் வேண்டும். நேரே அடிக்கிற மின்னலுக்கு இரண்டுமே ஈடு கொடுக்காது. இடி தூரத்தில் உறுமத் தொடங்கும்போதே ப்ளக்கைக் கழற்றுங்கள், டிவிக்கு அன்டெனா வயரையும் சேர்த்து.

இரண்டாவது, வயரிங் வேலை செய்கிற பாஸைக் கூப்பிட்டு எர்த் பார்த்தோம். அவள் வீட்டில் ப்ளக்கில் மூன்று ஓட்டை இருந்தது, எர்த் வயர் எங்கேயும் போகவில்லை. பழைய லயக்காம்பிராக்களில் இது நிறைய. வெளியே எர்த் கம்பி அடித்து இணைத்து, ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பார்த்தோம். இது மெஷினுக்காக மட்டும் இல்லை. ஈரக் காலோடு வோஷிங் மெஷினைத் தொடுகிற உயிருக்காக. இதற்குக் காசு போதாவிட்டால் வோஷிங் மெஷின் வாங்குவதையே ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள் என்று சொல்வேன்.

மூன்றாவது, ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலு அங்குல உயரப் பலகையில் வைத்தாள். பின்பக்கத் திறப்புக்கு எலி நுழையாத சின்னக் கம்பி வலை அடித்துக் கொடுத்தேன். காற்றுப் போகிற மாதிரி விட்டுத்தான் அடிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் போக மிச்சம் இருந்த காசோடு, வொரன்டிக்குக் கட்டாமல் விட்ட அந்த மாசத் தவணையையும் தேசிய சேமிப்பு வங்கியில் தனிப் புத்தகம் ஒன்றில் போட்டு வருகிறாள். புத்தகத்தின் அட்டையில் மகள் பேனாவால் "ஃபிரிட்ஜ்" என்று எழுதியிருக்கிறாள். போன ஞாயிறு போனபோது கார்டில் பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், 221. பில்லின் கொப்பி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.